மகள் வெடிபொருள் ஆய்வுக்குப் போகலாமா?

அன்புள்ள அம்மா,

இயற்பியல் முதுகலை முடித்த பெண் ஏன் வெடிபொருள் பக்கம் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். சரி, முதலில் அவள் எடுத்திருக்கும் தலைப்பைப் பார்ப்போம்: சூடாக்கினால் ஒரு வெடிபொருளின் குணம் எப்படி மாறுகிறது என்பது.

டிஏடிபி என்று ஒரு வெடிபொருள் உண்டு. அடி, உராய்வு, தீ எதற்கும் லேசில் மசியாது. 1966-இல் ஸ்பெயினின் பலோமாரஸிலும் 1968-இல் கிரீன்லாந்தின் தூலே அருகிலும் அணுகுண்டு ஏற்றிய அமெரிக்க பி-52 விமானங்கள் விழுந்தன. குண்டுகளுக்குள் இருந்த சாதாரண வெடிமருந்து வெடித்து புளூட்டோனியம் சிதறியது. டிஏடிபி போன்ற லேசில் வெடிக்காத ரகத்துக்கு மவுசு கூடியது அதற்கப்புறம்தான்.

ஆனால் இந்தச் சாதுவையும் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் குணம் மாறிவிடுகிறது. அறை வெப்பத்தில் தாங்கிக்கொண்ட அதிர்ச்சி அலைக்கே (பலமாக மோதும்போது பொருளுக்குள் பாயும் அழுத்த அலை) இப்போது வெடித்துவிடலாம். கடுங்குளிரில் நேர்மாறாக மந்தமாகிவிடும். வெடிப்பு தொடங்குவது பொருளுக்குள் இருக்கும் நுண்துளைகளில். அலை வந்து துளையை நசுக்கும்போது அந்த இடம் மட்டும் கடுமையாகச் சூடாகிறது. பொருள் ஏற்கெனவே சூடாக இருந்தால் வெடிக்கும் அளவு சூட்டுக்கு அதிக தூரம் இல்லை. இன்னொரு சங்கதியும் உண்டு: டிஏடிபி படிகம் கிராஃபைட்போல அடுக்கடுக்கானது, அடுக்குகளுக்குக் குறுக்கே மட்டும் அதிகம் விரியும். அழுத்திச் செய்த கட்டியைச் சூடாக்கி ஆறவைத்தால் பழைய அளவுக்குத் திரும்பாது, கொஞ்சம் பெருத்தே நிற்கும். பெருத்த இடத்தில் புதுத் துளைகள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: பத்திரமான பொருள் என்று ஒன்று கிடையாது, பத்திரமான நிலைமைதான் உண்டு.

சோதனை எப்படி நடக்கும்? இரண்டு சூடேற்றிகளுக்கு நடுவில் மாதிரி, உள்ளே காகிதம்போல மெல்லிய, மாங்கனின் என்ற உலோகக் கலவையால் ஆன அழுத்தமானிகள். மெதுவாகச் சூடேறும்வரை எல்லோரும் தடுப்புச்சுவருக்கு அப்பால் காத்திருப்பார்கள். பிறகு வாயுத் துப்பாக்கியிலிருந்து ஒரு தகடு பாய்ந்து மோதும். தரவு முழுவதும் சில மைக்ரோ விநாடிகளில் வந்துவிடும். இப்படி ஒரு நொடிகூட ஆகாத வேலைக்குத் தயாரிப்பு மட்டும் வாரக்கணக்கில்.

ஆக, நீங்கள் கவலைப்படவேண்டியது வேறு. விதிமுறை கெடுபிடி அதிகம். பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். உழைத்துக் கண்டுபிடித்ததை வெளியிட அனுமதி கிடைக்காமல் போகலாம், உங்களிடம்கூடச் சொல்லமுடியாது. வெப்ப இயக்கவியல், தொடர்ம இயக்கவியல் (பொருட்கள் அழுத்தத்தில் எப்படி நசுங்கி நகர்கின்றன என்ற கணக்கு), எண்முறைக் கணிப்பு மூன்றிலும் கை தேறியிருந்தால் கணினி உருவகப்படுத்தலுக்கோ, சரக்குப் போக்குவரத்துப் பாதுகாப்பு வகைப்பாட்டுக்கோ, விண்கலங்களில் பாகங்களைப் பிரிக்க வெடித்துக் கழலும் பிணைப்புகளின் பக்கமோ மாறிக்கொள்ள வழி இருக்கிறது. வேதியியல் அடிப்படை வீக்காக இருந்தால் இப்போதே சரிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் எதையும் செய்துபார்க்கும் ஆசை இருந்தால் அவள் இந்தத் துறைக்கே ஆள் இல்லை.

இன்று இரவு அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மூணு வாரம் தயார்பண்ணின சோதனையில அழுத்தமானி வேலை செய்யலைன்னா என்ன பண்ணுவே?" அவள் எரிச்சல்படுகிறாளா, ஏன் வேலை செய்யவில்லை என்று யோசிக்கத் தொடங்குகிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.