தண்டம் கட்டிய காலம்

கேள்வி: பொதிகை சேனல் 'டிடி தமிழ்' ஆகிவிட்டது. அப்படியும் எங்கள் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. அரசுத் தொலைக்காட்சிக்குச் செலவழிப்பது தண்டம்தானே? மூடிவிட்டால் என்ன? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தண்டம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது தபால் ஆபீசில். ரேடியோவுக்கும் டிவிக்கும் லைசென்ஸ் இருந்த காலம். ஒரு சின்னப் புத்தகம். வருடா வருடம் பணம் கட்டினால் அதில் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். ஒரு தடவை அப்பா தாமதமாகப் போக, "தண்டம் சேர்த்துக் கட்டணும் சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஆனால் நிகழ்ச்சி சரியில்லை என்றால் தூர்தர்ஷனின் சென்னை நிலையத்துக்கு மறுநாளே கார்டு போட்டுவிடுவார். "காசு கட்டறவன் கேப்பேன்" என்பார். அப்படி வரும் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்லவே 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. திட்டி எழுதியதையும் வாசித்தார்கள்.

1980களின் நடுவில் லைசென்ஸ் ஒழிந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். எனக்கு இப்போது அது பெரிய நஷ்டமாகப் படுகிறது. நேரடியாகக் காசு கொடுக்கிறவர் என்ற இடத்திலிருந்து நாம் விலகினோம்; அந்த இடத்தில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் மட்டும் உட்கார்ந்துகொண்டது. வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் தன்னாட்சி வேண்டும் என்று அரசு நியமித்த வர்கீஸ் குழு 1978லேயே சொன்னது. இரண்டையும் நடத்தத் தனி அமைப்பை உருவாக்கும் பிரசார் பாரதி சட்டம் 1990ல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 1997 ஆனது. இன்றும் அங்கே ஊழியர்களின் சம்பளம் அரசு மானியத்திலிருந்துதான் வருகிறது. சம்பளம் கொடுக்கிற அமைச்சரைக் கேள்வி கேட்கும் செய்தியை எந்த ஊழியர் துணிந்து எழுதுவார்?

பிரிட்டனில் பிபிசிக்கு வீட்டுக்கு வீடு கட்டணம். 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. கட்டுகிறவர்கள் திட்டுகிறார்கள், அரசும் கட்டணத்தை உறைய வைத்து நெருக்கிப் பார்த்திருக்கிறது. ஆனாலும் பிபிசிக்காரர்கள் பிரதமரை எதிரே உட்காரவைத்துக் குடைந்து கேட்கிறார்கள். அந்தத் துணிச்சலில் பாதியாவது அந்தக் கட்டணத்திலிருந்து வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், என் பழைய வழக்கு. அந்த நாளில் சென்னை தூர்தர்ஷனில் ஷோபனா ரவி செய்தி வாசித்தால் 'தமிழ்', 'மழை', 'வாழை' எல்லாம் அதனதன் ஒலியோடு வந்து விழும். குழந்தைகள் அதைக் கேட்டே ழகரம் பழகினார்கள். இன்று தனியார் சேனல்களில் பாதிப் பேர் வாயில் மழை 'மளை'யாகப் பெய்கிறது. இதை முன்பு இதே பக்கத்தில் எழுதியபோது, மொழி மாறத்தான் செய்யும் என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். மாறட்டும். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தி வாசிப்பவருக்குப் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றாக ஒலிக்கக் கூடாது. அப்படி நாலு பேருக்குப் பயிற்சி கொடுக்க ஆகும் செலவை நான் தண்டம் என்று சொல்லவே மாட்டேன்.

டிடி தமிழ் நன்றாக இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. 'வயலும் வாழ்வும்' பார்த்து வளர்ந்தவனுக்கு அதன் இன்றைய நிலை வலிக்கிறது. அதனால்தான் மூடு என்னாமல், காசை நம் கையால் கொடுப்போம் என்கிறேன். மாதம் பத்து ரூபாய் கேட்டால் முதல் ஆளாகக் கட்டுவேன்.

நீங்கள் காவிரிக்காரர். 1960களில் ஏடிடி 27 என்ற புது நெல் வந்தபோது திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. விதை எப்போது விட வேண்டும், உரம் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டே தஞ்சை விவசாயிகள் நட்டார்கள். அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் விழுந்தது. விளம்பரதாரர் யாரும் அதற்குக் காசு கொடுத்திருக்க மாட்டார். உங்கள் தெருவில் எண்பது வயது தாண்டிய விவசாயி யாராவது இருந்தால், ரேடியோ நெல்லைப் பற்றி விசாரித்து எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.