டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) யாரும் எடுக்காத டிஃபென்ஸ் (தடுப்பு) ஆட்டக்காரர், அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பெரிய ஆள் ஆக முடியுமா?

முடியும், ஆனால் ரொம்ப அபூர்வம். ஜேம்ஸ் ஹாரிசனைப் பாருங்கள். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்து லைன்பேக்கர், அதாவது தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஆட்டக்காரர். 2002-இல் எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் சேர்த்துக்கொண்டு பலமுறை கழற்றிவிட்டது, பால்டிமோர் ரேவன்ஸும் நடுவில் ஐரோப்பிய லீக்குக்கு அனுப்பிவிட்டு அப்புறம் கைகழுவியது. வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள்.

ஹாரிசன் விடவில்லை, ஸ்டீலர்ஸுக்கே திரும்பினார். 2008-இல் 16 சாக் (எதிரணி குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை, எறிவதற்கு முன்பே வீழ்த்துவது), அந்த ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது. டிராஃப்ட் ஆகாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை.

அந்த சீசனின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில்தான் உச்சம். முதல் பாதி முடியும் நேரம், ஸ்டீலர்ஸ் 10-7 முன்னிலை, அரிசோனா கார்டினல்ஸ் கோல் கோட்டருகே நிற்கிறது. கார்டினல்ஸ் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் மீது பாய்வதுபோலப் பாவனை காட்டிய ஹாரிசன் சட்டென்று பின்வாங்கி, அவர் எறிந்த பந்தைப் பிடித்து, அந்தக் கனத்த உடம்போடு மறுமுனைக் கோல் கோடு வரை 100 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 17-7! கடைசியில் ஸ்டீலர்ஸ் 27-23 என்று வென்றது, அந்த ஓட்டம் இல்லையென்றால் கோப்பை கைமாறியிருக்கும் என்பது என் கணிப்பு.

பிறகு சின்சினாட்டி அணி, மறுபடி பிட்ஸ்பர்க், கடைசியில் நியூ இங்கிலாந்து அணி. 2018-இல் ஓய்வு, அப்போது 40 வயதைத் தொடச் சில வாரங்கள்தான் பாக்கி.