2×2 அணிகளின் கிரேடட் முற்றொருமைகளைக் கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா, இல்லை ஆய்வுக் கட்டுரையை நம்பித்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

முடியும். ஒரு பக்கத் தாள் போதும். கிரேடிங் என்பது, எந்தப் பகுதியை எதனுடன் பெருக்கினால் எந்தப் பகுதியில் விழும் என்று தெரியும்படி அணிகளைப் பகுதிகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு மாறிக்கும் அதன் பகுதியிலுள்ள அணிகளை மட்டும் இட்டால் எப்போதும் உண்மையாகும் சமன்பாடுதான் கிரேடட் முற்றொருமை. "இந்த இரண்டு முற்றொருமைகளே அடிப்படை" என்ற தேற்றத்தைப் படித்துவிட்டு நிரூபணத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அணிகளின் உறுப்புகள் வரும் களத்தின் சிறப்பியல்பு 0 (1-ஐ எத்தனை முறை கூட்டினாலும் பூஜ்யம் வராது). மூலைவிட்ட அணிகள் இரட்டைப் பகுதி. மூலைவிட்டம் முழுக்கப் பூஜ்யமாக உள்ளவை ஒற்றைப் பகுதி. இரட்டை மாறிகள் இ1, இ2…. ஒற்றை மாறிகள் ஒ1, ஒ2… கணிதவியலாளர் டி வின்சென்சோ நிரூபித்தது இது: எல்லா கிரேடட் முற்றொருமைகளும் கீழுள்ள இரண்டிலிருந்தே கிடைத்துவிடும்.

இ1இ2 = இ2இ1
ஒ1ஒ2ஒ3 = ஒ3ஒ2ஒ1

இரண்டும் உண்மை என்பதைப் பெருக்கிப் பார்த்தாலே தெரியும். இவை போதும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

இ1-இன் மூலைவிட்ட உறுப்புகளை அ1, ஆ1 என்று வையுங்கள். ஒ1-இன் மேல்வலது உறுப்பு க1, கீழ்இடது உறுப்பு ச1. இனி எந்தப் பெருக்கத்தையும் முதல் நிரையில் நின்றபடி இடமிருந்து வலமாகப் படியுங்கள். இரட்டை மாறி வந்தால் நின்ற நிரையிலேயே நிற்பீர்கள். ஒற்றை மாறி வந்தால் அடுத்த நிரைக்குத் தாவுவீர்கள். இ1ஒ1இ2ஒ2 என்பது அ1க1ஆ2ச2 ஆகிறது. ஆக, முதல் நிரையின் மதிப்பைத் தீர்மானிப்பவை இரண்டே: எந்த இரட்டை மாறிகள் முதல் நிரையில் நிற்கும்போது வந்தன, எந்த ஒற்றை மாறிகள் முதல் நிரையிலிருந்து தாவின. இரண்டாம் நிரை இதன் கண்ணாடிப் பிம்பம். புதிதாக எதையும் சொல்லாது.

ஒரே மதிப்புள்ள இரண்டு பெருக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரு இரட்டை மாறி வேறு வேறு இடத்தில் இருந்தால், நடுவில் இரட்டைப்படை எண்ணிக்கையில் ஒற்றை மாறிகள் இருக்கும். அந்தத் துண்டு முழுவதுமே இரட்டை. முதல் முற்றொருமையால் மாறியை அதைத் தாண்டி நகர்த்தலாம். ஒரே வகையில் தாவும் இரண்டு ஒற்றை மாறிகளுக்கு நடுவே உள்ள துண்டு ஒற்றை. இரண்டாவதில் ஒ2-க்குப் பதிலாக அந்தத் துண்டை இட்டால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இப்படியே ஒன்றை மற்றதாக்கிவிடலாம். மதிப்புகள் வேறானால் அவை வெவ்வேறு ஓருறுப்புகள், ஒன்றையொன்று சாராதவை. அவ்வளவுதான், நிரூபணம் முடிந்தது.

ஒவ்வொரு மாறியும் ஒரே ஒரு முறை வரும் பெருக்கங்களில் வெவ்வேறு மதிப்புகள் எத்தனை என்ற எண்ணிக்கையும் இதிலேயே வந்துவிடுகிறது. மொத்தம் ன மாறிகள், அவற்றில் ர ஒற்றை (ர ≥ 1) என்றால், 2^(ன−ர)-ஐ, ர பொருள்களிலிருந்து ⌊ர/2⌋ பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகளால் பெருக்குங்கள். ர = 0 என்றால் விடை 1 மட்டும்; இங்கே 2^ன என்று போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. ஒற்றை மாறியே இல்லாதபோது இரண்டாம் நிரைக்குப் போக வழி ஏது? ன மாறிகளில் எந்த ர மாறிகள் ஒற்றை என்று தேர்ந்தெடுக்கும் வழிகளாலும் பெருக்கி, எல்லா ர-க்கும் கூட்டினால், 2ன+1-இலிருந்து ன-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் − 2^ன + 1. ன = 2-க்கு 7 (மொத்தம் 8 பெருக்கங்கள், இழந்தது ஒன்று), ன = 3-க்கு 48-இல் 28. சிறிய ன-க்குக் கையால் சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள்.

கவனம் தேவைப்படும் இடங்கள்: இரட்டை மாறிக்கு இரட்டை உறுப்பை மட்டுமே பிரதியிடலாம். இ1இ2 = இ2இ1 இருக்கிறதே என்று எந்த அணிகளையும் இடம் மாற்றிவிடாதீர்கள். கிரேடிங் எது என்று சொல்லாமல் "2×2 அணிகளின் கிரேடட் முற்றொருமை" என்பதற்குப் பொருளே இல்லை. அலகு அணியோடு பாலி அணிகளையும் (குவாண்டம் இயற்பியலில் வரும் மூன்று 2×2 அணிகள்) வைத்து நான்கு உறுப்புக் குலத்தால் கிரேட் செய்தால், ஒவ்வொரு பகுதியும் ஒரு பரிமாணம். எந்த இரு மாறிகளும் குறியளவில் மட்டும் இடம் மாறும். மேலே 7 வந்த இடத்தில் 16 வரும்.

களத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ம உறுப்புகள் மட்டும் உள்ள முடிவுறு களத்தில் இ^ம = இ என்பதும் முற்றொருமை. மேலுள்ள இரண்டிலிருந்து அது வராது. ஏனென்றால் அவை பெரிய களத்திலும் நிற்கும், இது நிற்காது. இவ்வளவு முக்கியமான நிபந்தனையை முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, தேற்றத்தின் கூற்றில் விட்டுவிடும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தேற்றத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்துகிறவர்தான் அதனால் அடிபடுகிறார். "எளிதில் காணலாம்" என்ற வரியும் அப்படியே. எளிது என்றால் மூன்று வரியில் எழுதிவிடலாமே.

மேலே செய்தது போல உறுப்புகளுக்கு எழுத்துகளை இட்ட அணிகளை (ஜெனரிக் அணிகள்) வைத்துச் செய்தது வெறும் கணக்கு, கோட்பாடு இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் 1999-இல் வசிலோவ்ஸ்கி ன×ன அணிகளுக்கு (இங்கே ன என்பது அணியின் அளவு), ன உறுப்புச் சுழற்குலத்தின் கிரேடிங்கில், இதே போன்ற இரண்டு வகை முற்றொருமைகளே போதும் என்று காட்டினார். நிரையைப் படிக்கும் இந்த முறை அங்கும் செல்லும். கிரேடிங்கை எடுத்துவிட்டால் 3×3-க்கே முழு அடிப்படை இன்னும் தெரியாது.