தீபாவளிக்கு அடுத்த வாரம் எங்கள் வீட்டில் அப்பாவின் சமையல்

கேள்வி: ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் உங்கள் வீட்டில் ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகும்? என்ன சமைப்பீர்கள், வீட்டில் யார் யார்?

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறது. அப்பா, அம்மா, மனைவி, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள், நான். தங்கச்சி குடும்பம் ரொறன்ரோவில். தீபாவளியைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. அந்த வாரத்தில் எங்கள் வீட்டுக் குசினி கைமாறும். அம்மா வெளியே, அப்பா உள்ளே.

ஐப்பசி அமாவாசை கழிந்த மறுநாள் கந்தசஷ்டி தொடங்கும். ஆறாம் நாள் சூரன்போர், அதற்கு அடுத்த நாள் விடிய, விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை. 2025இல் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. 22ஆம் திகதி புதன்கிழமை விரதம் தொடங்கி, 27ஆம் திகதி திங்கட்கிழமை சூரன்போர். அம்மா அதற்கு முதலே கேதாரகௌரி விரதத்தில் இருப்பார். அது 21 நாள். அமாவாசையன்று கோயிலில் காப்புக் கட்டிய கையோடு சஷ்டிக்கு ஆயத்தமாகிவிடுவார்.

சஷ்டியை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரிப் பிடிப்பார்கள். சிலர் ஆறு நாளும் தண்ணீர் மட்டும். சிலர் இரவில் பாலும் பழமும். சிலர் ஐந்து நாளும் ஒரு நேரம் மரக்கறிச் சோறு சாப்பிட்டு, ஆறாம் நாள் முழு உபவாசம். அம்மா முந்தி பால், பழத்தோடு இருந்தவர். இப்போது பிரஷர் குளிசை எடுப்பதால், டொக்டரிடம் கேட்டு ஒரு நேரச் சோற்றுக்கும் இரவில் பாலுக்கும் வந்திருக்கிறார். சீனி வருத்தம் உள்ளவர்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்ல வேண்டும். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் மருந்தை மட்டும் எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. விரதம் தொடங்குவதற்கு முதலே டொக்டரைப் பார்த்துக் கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நம்மவர் வீடுகளில் விரதம் பிடிக்கிறவரே மற்றவர்களுக்கு மூன்று நேரமும் சமைத்துப் போடுவதுதான் வழக்கம். வயிறு காய்ந்திருக்கும் நேரத்தில் தாளித வாசத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். அதைக் கடமை என்று யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்பா ஓய்வுபெற்ற வருடம் எங்கள் வீட்டில் இதை நிறுத்தினார். "நீர் விரதத்தைப் பாரும், சமையலை நான் பார்க்கிறன்" என்றார். அம்மா இரண்டு நாள் குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் கதிரையை ஹோலுக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போதெல்லாம் நவராத்திரி முடிந்ததுமே அப்பா சரக்குத்தூள் போத்தலைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிடுவார். அந்த ஆறு நாளும் வீட்டில் எல்லோருக்கும் சைவம்தான். ஒருவர் விரதம் இருக்க, பக்கத்தில் மற்றவர்கள் மீன் பொரிப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

அப்பாவின் சமையலில் நான் பக்கத்தில் நின்று பார்ப்பது சொதியை. தேங்காய்ப்பூவை மூன்று தரம் பிழிவார். முதற்பாலைக் கிண்ணத்தில் விட்டு மூடி வைத்துவிடுவார். பிறகு பிழிந்த கப்பிப்பாலில் சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு. வெங்காயம் நன்றாக அவிந்ததும் நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நிற்பார். அந்த நேரம் யார் கதவைத் தட்டினாலும் அவர் அசைய மாட்டார். சட்டி ஓரத்தில் சின்ன நுரை கட்டும். கொதி வர முதல் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளியும் அப்படித்தான். இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் பிழிய வேண்டும்.

சுவாமிக்குப் படைக்கும் சாப்பாடு என்பதால் யாரும் உப்புப் பார்க்கக் கூடாது. அப்பா உப்பை உள்ளங்கையில் கொட்டி, விரலால் பரப்பிப் பார்த்துவிட்டுப் பாதியைத் திரும்பப் போத்தலில் போடுவார். ஹோலில் இருந்து குரல் வரும்: "இஞ்சருங்கோ, வெந்தயம் கூடிப் போச்சு." அம்மா சட்டியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார், மணத்திலேயே சொல்லிவிடுவார். மத்தியானம் அவர் இலையில் உட்கார்ந்து முதல் வாய் வைக்கும்வரை அப்பா சாப்பிடாமல் நிற்பார். "உப்புக் காணும்" என்று அம்மா சொன்ன பிறகுதான் தனக்கு இலை போடுவார்.

மற்றச் சாப்பாடு எல்லாம் எல்லா வீடுகளிலும் இருப்பதுதான். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கை இலை வறை, அப்பளம். உள்ளி போடமாட்டோம். வெங்காயம் எங்கள் வீட்டில் சேர்ப்போம், அதையும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் எங்களுக்கு இடியப்பம். ஒழுங்கையில் ஒரு அம்மா வீட்டில் அவித்துக் கொடுக்கிறார், பின்னேரம் நாலு மணிக்கு முதல் சொல்லிவிட வேண்டும். அப்புறம் தேங்காய். 2025இல் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயை ஒட்டி நின்றது. சைவச் சமையல் மலிவு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் சொதியும் பால்கறியும் சேர்ந்து வைத்துப் பார்க்க வேண்டும்.

சாமான் எல்லாம் காலையிலேயே வாங்கி முடிப்பது அப்பாவின் பழக்கம். இந்த மாதங்களில் கொழும்பில் காலை வெயில் எரிக்கும். பின்னேரமானால் கிழக்குப் பக்கம் கறுத்து, இடியோடு கொட்டும். அந்த நேரம் காலி வீதியில் குடை பிடித்தும் பயனில்லை. சந்தையில் அப்பாவுக்கு நிரந்தரமாக மீன் கொடுக்கும் சிங்களத் தம்பி ஒருவர் இருக்கிறார். அரைகுறைத் தமிழ்தான், ஆனால் எங்கள் விரதக் கலண்டர் அவருக்குப் பாடம். அப்பா மரக்கறிப் பையோடு கடந்து போகும்போது, "மாத்தையா, சூரன் முடிஞ்சு வாங்க, நல்ல பாரை வைக்கிறன்" என்பார். மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காத அப்பா, பலகையில் கிடக்கும் மீன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போய்விடுவார்.

கீழ் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம். தீபாவளியன்று நாங்கள் கொடுத்தனுப்பிய பயற்றம்பணியாரத் தட்டு இந்த வாரம்தான் திரும்பி வரும். நோன்புப் பெருநாளைக்கு அவர்கள் வீட்டு வட்டிலப்பம் எங்களுக்கு வரும். ஆனால் அதில் முட்டை இருப்பதால் சஷ்டி வாரத்தில் அந்த வீட்டு ஆன்ட்டி அதை எங்களுக்கு அனுப்பவே மாட்டார். இந்த முறை தட்டு நிறையப் பேரீச்சம்பழம் வந்தது. "அக்கா, இது சாப்பிடலாம்தானே? பழம்தானே?" என்று அம்மாவிடம் வாசலிலேயே கேட்டார். பிறகு இருவரும் அரை மணித்தியாலம் நின்று கதைத்தார்கள். எங்கள் விரதத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். நோன்பில் பகல் முழுக்கத் தண்ணீரும் இல்லாமல் அவர் அடுப்படியில் நிற்பது அம்மாவுக்குப் பெரிய வியப்பு. "உங்கட வீட்டிலயும் அவரைச் சமைக்கச் சொல்லுங்கோ" என்று அம்மா சொல்ல, ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பேரீச்சம்பழம்தான் அன்றிலிருந்து அம்மாவுக்கு இரவில் பாலோடு துணை.

தங்கச்சியும் ரொறன்ரோவில் விரதம். இங்கே விடியற்காலை ஐந்தரை என்றால் அங்கே முதல் நாள் இரவு எட்டு மணி. நவம்பரின் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றியதும் இந்த ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் பத்தரை ஆகிவிடும். அதற்குப் பிறகு ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது என்று சலித்துக்கொள்வாள். இந்த வாரம் இன்னும் வெளிச்சம் இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் மேப்பிள் மரங்கள் சிவந்து கிடப்பதைப் படம் எடுத்து அனுப்பினாள். மகள் அதைத் தன் சித்திரக் கொப்பியில் கீறி, அடியில் "மாமி வீட்டு மரம்" என்று எழுதி வைத்தாள். தங்கச்சி வேலை முடிந்து வந்து, தனியாக ஒரு நேரச் சோறு சமைத்துச் சாப்பிடுகிறாள். அம்மா போனைத் தன் இலைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து அவளோடு கதைக்க ஆசைப்படுவார், ஆனால் எங்கள் மத்தியானம் அவளுக்கு நடுச்சாமம். அதனால் விடியற்காலையில், அம்மா பூப் பிடுங்கி வந்து சுவாமிப் படத்துக்கு வைக்கும் நேரம்தான் இருவருக்கும் வாய்க்கும். என்ன சமைத்தாய் என்று தாய் கேட்க, அப்பா என்ன சமைத்தார் என்று மகள் கேட்பாள். கதை பெரும்பாலும் அதற்கு மேல் போகாது. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கப் பிடிக்கும்.

என் மகளுக்குத்தான் இந்த வாரம் கொஞ்சம் கஷ்டம். பின்னேரம் அந்த ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு, பாணும் பணிஸும் விற்கும் சூன் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும்போது, அவளுடைய வழக்கமான தெரிவு மீன் பணிஸ். நாங்கள் யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று யோசித்துவிட்டு, மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸைக் காட்டினாள். மேலே வந்து, "அப்பம்மா, நானும் விரதம்" என்றாள். அம்மா அவளைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டார்.

சூரன்போருக்கு எல்லோருமாகக் கோயிலுக்குப் போனோம். சூரனைத் தோளில் தூக்கிய பெடியன்கள் முன்னும் பின்னுமாக ஓட, ஒவ்வொரு தரமும் தலையை மாற்றிப் பூட்டினார்கள். யானைமுகம், சிங்கமுகம், கடைசியில் மாமரம். அது பிளந்து சேவலும் மயிலும் ஆனதும் சனம் அரோகரா என்று எழுப்பிய சத்தத்தில் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்று அம்மாவுக்கு முழு உபவாசம். அப்பா மடக்குக் கதிரை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அம்மா கடைசிவரை அதில் இருக்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் வேல் வரும்போது அவர் முகத்தைப் பார்த்தால் இருக்கச் சொல்ல வாய் வராது.

பாறணைச் சமையலுக்கு அப்பா அதிகாலை மூன்று மணிக்கு எழும்பினார். மனைவி வடைக்கு உழுந்து அரைத்தாள், நான் தேங்காய் துருவினேன். பூசணிக்காய், வாழைக்காய், கத்தரிக்காய், பயற்றங்காய், கீரை, பருப்பு, சொதி, பாயாசம், வடை, அப்பளம். இவ்வளவும் வெளிச்சம் வர முதல் முடிய வேண்டும். இரண்டு அடுப்பு காஸ் குக்கர் போதாமல் பழைய மண்ணெண்ணெய் அடுப்பையும் பல்கனியில் பற்றவைத்தோம். படைத்து, தீபம் காட்டி, அம்மாவை முதலில் இருத்தினோம். வெறும் வயிற்றில் உறைப்பு இறங்கக் கூடாது என்பதற்காக, முதலில் இளநீர், பிறகு பாயாசம், அதற்குப் பிறகுதான் சோறு. இது அப்பா போட்ட ஒழுங்கு, நல்ல ஒழுங்கு. அம்மா மெதுவாக, எல்லாக் கறியிலும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அப்பா கரண்டியோடு எழும்பிய வேகத்தைப் பார்க்க வேண்டும்.

பாறணை இந்த முறை செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் எப்போதும் சைவம், ஆகவே அப்பாவுக்கு இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டியதாயிற்று. புதன்கிழமை காலை குசினி திரும்ப அம்மாவிடம் வந்தது. அவர் முதலில் செய்த வேலை, சரக்குத்தூள் போத்தலைத் தன் பழைய இடத்தில் வைத்தது. அப்பா பையை எடுத்துக்கொண்டு செருப்பைப் போடும்போது உள்ளே இருந்து சொன்னார்:

"பாரை என்றால் நடுத்துண்டாப் பார்த்து வாங்குங்கோ. கணவாய் நல்லதா இருந்தால் அரைக் கிலோ. கீழ் வீட்டுத் தங்கச்சிக்கும் ஏதும் வேணுமோ என்று கேட்டுக்கொண்டு போங்கோ."