காளப்பட்டியில் ஆபீஸ் கட்டிடம்: கடன் வாங்கிக் கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். கோவை காளப்பட்டி பக்கம் 25 சென்ட் பூர்வீக இடம் இருக்கிறது. அதில் 20,000 சதுர அடிக்கு ஆபீஸ் கட்டி வாடகைக்கு விட எண்ணம். பில்டர் ஜிஎஸ்டி இல்லாமல் 6 கோடி கேட்கிறார். 4 கோடி வங்கிக் கடன். சதுர அடிக்கு 40 ரூபாய் வீதம் மாதம் 8 லட்சம் வரும், கட்டிய ஜிஎஸ்டியையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர். இறங்கலாமா?

பதில்: இறங்கலாம்ங்க, ஆனால் புரோக்கர் போட்ட கணக்கை நம்பி வேண்டாம்.

முதலில் ஜிஎஸ்டி. 6 கோடிக்கு 18 சதவீதம் என்றால் 1 கோடியே 8 லட்சம். வாடகைக்கு விடுவதற்காக நாமே கட்டும் கட்டிடத்துக்கு இந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது வாடகை மீது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுக்க முடியாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கொஞ்சம் கதவைத் திறந்தது. 2025 நிதிச் சட்டம் அதை முன்தேதியிட்டு மூடிவிட்டது. ஆக, உங்கள் செலவு 7 கோடிக்கு மேல். அந்த ஒரு கோடி உங்கள் கணக்கிலேயே இல்லை.

அடுத்தது வாடகை. 10 சதவீத வட்டி, 12 வருடம் என்று வைத்தால் 4 கோடிக்கு மாதத் தவணை ஏறக்குறைய 4.78 லட்சம். முழுக்க நிரம்பினால் தாராளமாகக் கட்டலாம். நிரம்பும் வரை? காளப்பட்டிக்குப் பக்கத்திலேயே, விளாங்குறிச்சியில், 2024 நவம்பரில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் 2.94 லட்சம் சதுர அடியைப் புதிதாகத் திறந்திருக்கிறது. பெரிய ஐடி கம்பெனிகள் அந்த மாதிரி இடத்தைத்தான் முதலில் பார்க்கும். உங்களிடம் வரக்கூடியவர்கள் ஆடிட்டர், இன்சூரன்ஸ் அலுவலகம், பயிற்சி மையம், லேப் போன்றவர்கள். அவர்கள் ஒவ்வொரு மாடியாகத்தான் வருவார்கள், உள்வேலை செய்துகொள்ள இரண்டு மூன்று மாதம் வாடகை இல்லாமலும் கேட்பார்கள். காலியாக இருக்கும் மாடிக்கும் சொத்து வரி, லிஃப்ட் பராமரிப்பு, வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் உங்கள் தலையில்தான். அதனால் ஒரு வருடத் தவணையும் பராமரிப்பும் சேர்த்து, 65 லட்சமாவது கையில் தனியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, 40 ரூபாய் எந்தப் பரப்புக்கு என்று கேளுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா எல்லாம் சேர்த்த பரப்புக்கா, உள்ளே உட்காரும் இடத்துக்கு மட்டுமா? 20,000 என்ற அளவையே கூட, பக்க இடைவெளியும் கார் பார்க்கிங்கும் போக எவ்வளவு கிடைக்கும் என்று இன்ஜினியர் வரைந்து காட்டிய பிறகு நம்புங்கள்.

நான் சொல்வது இதுதான். தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடிக்கும் அஸ்திவாரமும் அனுமதியும் எடுத்துவிட்டு, இப்போது தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும் கட்டுங்கள். கடன் பாதிக்குக் கீழே வந்துவிடும். அதற்கும் முன்னால் ஒரு தளத்துக்காவது வாடகைதாரரை எழுத்தில் பிடியுங்கள். 11 மாத அக்ரிமெண்ட் வேண்டாம். பதிவு செய்த நீண்ட கால குத்தகை, அதில் மூன்று வருடம் காலி செய்யக்கூடாது என்ற நிபந்தனை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, இவற்றைக் கேளுங்கள். அப்படிப்பட்ட பத்திரம் இருந்தால்தான் பின்னால் வாடகையையே ஈடாகக் காட்டி அடுத்த மாடிகளுக்குக் கடன் கேட்க முடியும்.

வங்கி உங்கள் பனியன் கம்பெனியையும் ஈடாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆர்டர் குறையும் நேரத்தில் மாடியும் காலியாக இருந்தால், இடத்தோடு சேர்ந்து கம்பெனியும் போய்விடும். இடத்தை மட்டும் ஈடாக ஏற்கும் வங்கி கிடைக்கும் வரை பொறுங்கள்.