மரியாவை ‘வேலைக்காரி’ என்று மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம், ‘தோழி’ என்று போடுங்கள். ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்த் நைட்’ நாடகத்து மரியா நல்ல குடியில் பிறந்தவள். தன்னைவிட உயர்ந்த சீமாட்டியான ஒலிவியாவுக்குத் துணையாக இருப்பவள். அதனால் ஒலிவியாவின் உறவினரான சர் டோபி அவளை மணப்பது, நீங்கள் எழுதியதுபோல் பணிப்பெண்ணுக்கு அடித்த யோகம் இல்லை. ஒரு படி ஏற்றம், அவ்வளவுதான்.

முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் டோபி சொல்லும் ‘சேம்பர்மெய்டு’ உங்களைக் குழப்பியிருக்கும். இன்று அதைக் கேட்டால் ஓட்டலில் படுக்கை விரிப்பவர்தான் நினைவுக்கு வருவார். அன்று சீமாட்டியின் அந்தரங்க அறையில் உடனிருப்பவளையும் அந்தச் சொல் குறித்தது. ஒலிவியாவே அவளை ‘ஜென்டில்வுமன்’ என்றுதான் கூப்பிடச் சொல்கிறாள்.

சந்தேகமிருந்தால் ஐந்தாம் காட்சியைப் படித்துப் பாருங்கள். ஒலிவியா முகத்திரை போட்டுக்கொண்டதும், ஆண் வேடத்தில் தூது வரும் வயோலா இந்த வீட்டுச் சீமாட்டி யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் மரியா! இருவரில் சீமாட்டி யார் என்று பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அப்புறம் அந்தக் கடிதம். பெண்களில் எழுதத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த காலத்தில், எசமானியின் கையெழுத்தைப் போலவே எழுதி, வீட்டுக் காரியக்காரனான மல்வோலியோவை ஏமாற்றுகிறாள். எனக்கு இதுவே போதுமான சாட்சி.

ஒன்று மட்டும்: இதே அளவுகோலை ஜேன் ஆஸ்டின் நாவல்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். இருநூறு ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. அங்கே கண்ணியமான வீட்டுப் பெண் சம்பளத்துக்குப் போனாலே மதிப்பு இறங்கிவிடும். ‘எம்மா’வில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் பிறர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை வேலையை நினைத்து அப்படி அஞ்சுவது அதனால்தான்.