ஊசி போட்டாச்சா? முதலில் பசியாறுங்கள்

கேள்வி: செம்பனைப் பழம் வெட்டும்போது என் வீட்டுக்காரர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். கூட இருக்க எனக்குப் பாஸ் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் இனிப்பு நீர். காலையும் இரவும் இன்சுலின். டாக்டர் வரும் நேரம் தவறக்கூடாதென்று ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறேன். நேற்று வார்டு வாசலில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கிவிட்டது. அவர் வலியில் கிடக்க, நான் கேன்டீனில் உட்கார்ந்தால் நாத்தனார் முகம் சுளிக்கிறார். என்ன செய்வது அக்கா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சர்க்கரை இறங்கியது போலத்தான் தெரிகிறது. நான் தாதியாக இருந்தபோது, பார்க்க வந்தவரையே சக்கர நாற்காலியில் அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனதுண்டு. விசாரித்தால், "காலையில் ஊசி மட்டும்தான் போட்டேன் மிஸ்ஸி" என்பார்கள்.

சாப்பாடு கைக்கு எட்டாத இடத்தில் ஊசி போடாதீர்கள். காலையில் வீட்டிலேயே போட்டு, வீட்டிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு அரை மணி முன்னதாக எழ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இரவு ஊசியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. வீடு போய்ச் சேர்ந்து, சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு போடுங்கள். நேரம் ரொம்பவும் மாறுகிறதென்றால் கிளினிக்கில் மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள். நீங்களாக அளவைக் குறைக்கவோ, ஊசியை விடவோ வேண்டாம்.

கைப்பையில் எப்போதும் சீனி இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருங்கள். சோதிக்கும் கருவி இருந்தால் 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. தேறியதும் பிஸ்கட்டோ ரொட்டியோ சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் சீனி போடாத கோப்பி உதவாது. பக்கத்தில் இருக்கும் தாதியிடமும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் மயங்கி விழுபவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டுக்காரருக்கு வரும் தட்டில் மிச்சம் இருப்பதைச் சாப்பாடு என்று கணக்கு வைக்காதீர்கள்.

டாக்டரைப் பிடிக்கத்தானே இந்த ஓட்டம்? கேள்விகளை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரர் தலையணைக்கடியில் வையுங்கள்: ஆப்பரேஷன் எப்போது, எப்போது எழுந்து நடக்கலாம், வீட்டுக்கு என்ன வாங்க வேண்டும். நீங்கள் இல்லாத நேரம் டாக்டர் வந்தால் அவரே கேட்கட்டும். இடுப்புதான் உடைந்திருக்கிறது, வாய் நன்றாகத்தானே இருக்கிறது!

நாற்காலியிலேயே கிடந்தால் கால் வீங்கும். அவ்வப்போது தாழ்வாரத்தில் நடங்கள். உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். இருமல், காய்ச்சல் இருக்கும் நாளில் போகவே வேண்டாம்.

இன்னொன்று. இது வேலையில் நடந்த விபத்து. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, தெரிவிக்க வேண்டும். மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) "பார்த்துக்கலாம்" என்று சொன்னதோடு விடாமல், ஆபீசில் கேட்டு உறுதி செய்யுங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) தாள் ஒன்றையும் தொலைக்காதீர்கள். பாதித் தூக்கம் கெடுவது பணக் கவலையால்தான்.

அப்புறம் நாத்தனார். அண்ணன்மேல் அத்தனை பாசம் இருப்பவருக்கு வேலை கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அந்த பாஸை வாங்கிக்கொண்டு அவர் உட்காரட்டும், நீங்கள் வீட்டில் தூங்குங்கள். மதியம் அவரும் கேன்டீனுக்குத்தான் போவார்.